விட்டுப் போகாதவர்களின் முறையீடு

மெட்டாலிகா குழுவின் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பம் 1988-இல் வெளிவந்தது. ஒன்பது பாடல்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். நல்ல ஹெட்போனில் போட்டுக் கேட்டால் கித்தார் ஒலி வறண்டு, கெட்டியாக, இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு நிற்கும். காலால் உதைக்கும் பெரிய டிரம்மின் சத்தம் தனியே 'டிக் டிக்' என்று மேலெழும். இவை இரண்டுக்கும் அடியில் இருக்கவேண்டிய பேஸ் கித்தாரைத் தேடினால் அகப்படாது. ஜேசன் நியூஸ்டெட் எல்லாப் பாடல்களுக்கும் வாசித்திருக்கிறார். முதல் பாடலான 'பிளாக்கென்ட்' உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் உறையில் அச்சான அளவுக்குக்கூட அவர் பதிவில் தெரிவதில்லை.

இதைக் கவனித்துச் சொன்னவர்கள் குழுவுக்கு வேண்டாதவர்கள் அல்லர். ஹெவி மெட்டலைப் பிடிக்காதவருக்கு அது ஒட்டுமொத்தமாக இரைச்சல்; அதில் எந்தக் கருவி குறைகிறது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை அவருக்கு எதற்கு? அந்த ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு திருப்பத்தையும் மனப்பாடம் செய்தவர்கள்தான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதே குறையைச் சொல்லிவருகிறார்கள். பேஸ் இல்லாததையும் சொல்வார்கள், இதுவே குழுவின் ஆகச்சிறந்த ஆல்பம் என்றும் சொல்வார்கள், பல நேரம் ஒரே மூச்சில்.

ரசிகர்கள் பற்றிய ஆய்வுகள் நெடுங்காலம் இந்த மனிதரைக் கண்டுகொள்ளவில்லை. ஆராதிப்பவரைப் பற்றி எழுதினார்கள். ஊடக ஆய்வாளர் ஜோனதன் கிரே 2003-இல் வெறுப்பவர்களையும் ஆராயவேண்டும் என்று வாதிட்ட பிறகு, வெறுப்பவரைப் பற்றியும் எழுதினார்கள். டிக்கெட் வாங்கி, சட்டை வாங்கி, முதல் நாளே ஆல்பம் வாங்கி, மறுநாள் காலையிலிருந்து நொட்டை சொல்லத் தொடங்குபவர் இந்த இரண்டு வகையிலும் அடங்கமாட்டார்.

அவரைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது இசை பற்றிய நூல் அல்ல, பொருளாதார நூல். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட 'வெளியேறுதல், குரலெழுப்புதல், விசுவாசம்' என்ற சிறிய புத்தகம் நைஜீரிய ரயில்வேயைப் பற்றிய ஒரு புதிரிலிருந்து பிறந்தது. வட நைஜீரியாவில் விளைந்த நிலக்கடலை துறைமுகம் சேர ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் போகவேண்டும். அவ்வளவு தூரத்துக்கு ரயில்தான் தோதானது. ஆனாலும் லாரிகள் ரயிலை முந்தின. போட்டி வந்தால் ரயில்வே திருந்தியிருக்க வேண்டுமே, ஏன் திருந்தவில்லை? ஹிர்ஷ்மன் கண்ட விடை இது: சேவையின் தரத்தில் மிகுந்த அக்கறை கொண்ட வாடிக்கையாளர்கள்தான் முதலில் லாரிக்கு மாறினார்கள். சண்டை போட்டிருக்கக்கூடியவர்கள் அவர்களே. அவர்கள் போனபின் ரயில்வேயைத் தட்டிக்கேட்க ஆளில்லை.

இசைக்குழுவின் விஷயத்தில் அந்த லாரி கிடையாது. மெட்டாலிகா சரியில்லை என்று மெகாடெத்துக்கோ ஸ்லேயருக்கோ மாறிவிட முடியாது. அவற்றையும் கேட்கலாம், ஆனால் பதினாறு வயதில் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' உள்ளே போய் உட்கார்ந்த இடம் அப்படியேதான் இருக்கும். வெளியேற வழியில்லாத இடத்தில் விசுவாசம் குரலாக மாறுகிறது. தரத்தில் அக்கறை அதிகமுள்ளவர் இங்கே கடைசிவரை உள்ளேயே இருக்கிறார், ஆகவே சத்தமும் அதிகமாகக் கேட்கிறது. நான் இங்கே வாதிட விரும்புவது இதைத்தான்: ஓயாமல் குறை சொல்லும் ரசிகர் அந்தக் குழுவை மிக உன்னிப்பாகக் கேட்கும் ரசிகர். அவருடைய குறை காதிலிருந்து வந்தபோதெல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது. கண்ணிலிருந்து வந்தபோது சறுக்கியிருக்கிறது.

மெட்டாலிகாவைத் தொடங்கியவரே இப்படிப்பட்ட ரசிகர்தான். டென்மார்க்கில் பிறந்த டிரம் கலைஞர் லார்ஸ் உல்ரிச் 1981-இல், பதினேழு வயதில், டயமண்ட் ஹெட் என்ற ஆங்கிலேயக் குழுவைப் பார்ப்பதற்காகவே அமெரிக்காவிலிருந்து லண்டனுக்குப் பறந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் அறிமுகம் செய்துகொண்டு, அவர்கள் வீட்டிலேயே சில வாரங்கள் தங்கிவிட்டார். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில், பாடகரும் கித்தார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுடன் சேர்ந்து குழுவைத் தொடங்கினார். 1982-இல் பதிவான அவர்களுடைய டெமோ, ரசிகருக்கு ரசிகர் பிரதியெடுத்துத் தபாலில் அனுப்பிய கேசட்டுகளாகப் பரவியது. ஒவ்வொரு பிரதியிலும் ஒலி கொஞ்சம் மங்கும்; யாரும் பொருட்படுத்தவில்லை. வானொலி வாய்ப்பு வருமுன்னரே கடல் கடந்து கேட்பவர்கள் இருந்ததற்கு இந்தத் தபால் கேசட்டுகளே காரணம். 1987-இல் வந்த குறும்பதிவின் தலைப்பிலேயே அதன் விலையான 5.98 டாலரைச் சேர்த்திருந்தார்கள், கடைக்காரர் கூடுதலாகக் கேட்டால் ரசிகர் தலைப்பைக் காட்டட்டும் என்று. 1990-களின் தொடக்கத்திலிருந்து நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துகொள்ளவும் ரசிகர்களை அனுமதித்தார்கள்.

இப்படி வளர்ந்த உறவில் ரசிகர் தன்னைப் பங்காளியாகவே நினைப்பார். 1984-இலேயே முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. இரண்டாவது ஆல்பத்தில் 'ஃபேட் டு பிளாக்' பாடல் மின்சாரமில்லாத கித்தாரோடு மெதுவாகத் தொடங்குகிறது என்பதற்காக, விலைபோய்விட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். 1989-இல் 'ஒன்' பாடலுக்கு எடுத்த முதல் வீடியோ வெளிவந்தபோது மறுபடியும் அதே பேச்சு. 1991-இல் பாப் ராக் என்பவரின் தயாரிப்பில் கறுப்பு உறையோடு வந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல் விற்றபோது, பழைய ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த எண்ணிக்கையே குற்றப்பத்திரிகை ஆயிற்று. ரகசியமாகக் கைமாறிய கேசட்டை இப்போது யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்பதே அவர்களுடைய வருத்தம். அதை இசை விமர்சனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1996-இல் வந்த 'லோட்' அந்த வருத்தத்தின் உச்சம். நால்வரும் தலைமுடியை வெட்டியிருந்தார்கள். ஆன்டன் கோர்பைன் எடுத்த படங்களில் சிலர் கண்மை தீட்டியிருந்தார்கள். ஆந்த்ரேஸ் செர்ரானோவின் படம் உறையாக வந்தது. குழுவின் முத்திரை எழுத்துகூட மாறியிருந்தது. அதன் பிறகு ரசிகர்கள் முடியைப் பற்றியே பேசினார்கள், பல ஆண்டுகளுக்கு. அந்தத் தோற்றத்தில் தமக்கு முழு உடன்பாடு இருக்கவில்லை, அதை முன்னெடுத்தவர்கள் லார்ஸும் கித்தார் கலைஞர் கிர்க் ஹாமெட்டும்தான் என்று ஹெட்ஃபீல்டே பின்னாளில் பேட்டியில் சொன்னார். தோற்றம் பற்றிய ரசிகர்களின் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் காதை அடைத்துவிட்டது. புற்றுநோயில் இறந்த தாயைப் பற்றி ஹெட்ஃபீல்ட் அதுவரை இவ்வளவு வெளிப்படையாகப் பாடியதில்லை. 'அன்டில் இட் ஸ்லீப்ஸ்', 'மாமா செட்' இரண்டும் இந்த ஆல்பத்தில்தான் இருக்கின்றன. கடைசிப் பாடலான 'தி அவுட்லா டார்ன்', குறுந்தகட்டின் கொள்ளளவு 79 நிமிடத்தோடு முடிந்ததால் இறுதியில் ஏறத்தாழ ஒரு நிமிடம் வெட்டப்பட்டு வெளிவந்தது. முழு வடிவம் பிறகு ஒரு சிங்கிளின் மறுபக்கத்தில் கிடைத்தது. மெதுவாகக் கனத்துக்கொண்டே போகும் அந்தப் பாடல் குழுவின் மிகச் சிறந்த ஐந்து பாடல்களில் ஒன்று என்பது என் கணிப்பு. அது வெட்டப்பட்டதற்காகக் கோபப்பட்டிருந்தால் நியாயம் இருந்திருக்கும்.

நாப்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வுச் சேவையோடு எழுந்த விவகாரம் வேறு தினுசு. 'மிஷன்: இம்பாசிபிள் 2' படத்துக்காக உருவாக்கிக்கொண்டிருந்த பாடல் முடிவடையும் முன்னரே வானொலியில் ஒலித்ததும், தங்கள் பாடல்கள் எல்லாமே கோப்புப் பகிர்வில் கிடைப்பதைக் குழு அறிந்தது. 2000 ஏப்ரலில் வழக்குத் தொடுத்தது. மே 3 அன்று, தங்கள் பாடல்களைப் பகிர்ந்த 3,35,435 பயனர்களின் பெயர்களைத் தாள்களில் அச்சிட்டு, பெட்டி பெட்டியாக நாப்ஸ்டர் அலுவலகத்தில் உல்ரிச் ஒப்படைத்தார். வாசலில் நின்ற ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். சிலர் மெட்டாலிகா குறுந்தகடுகளை உடைத்தார்கள். ஜூலையில் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் அவர் சாட்சியம் அளித்தார். அடுத்து வந்த எம்டிவி விருது விழாவில் கூட்டம் அவரைப் பார்த்து ஊளையிட்டது.

இசைக்கலைஞர்களின் வருமானம் அதற்குப் பிறகு எப்படிக் கரைந்தது என்பதைப் பார்த்தவர்கள் உல்ரிச் சொன்னதில் பெரும்பகுதி சரி என்பதை மறுக்கமாட்டார்கள். உருவாக்கியவரைக் கேட்காமல் அவருடைய உழைப்பை அள்ளிக்கொடுக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை இல்லை. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அன்று அந்த வாசலில் நின்றவரின் காயமும் கற்பனை அல்ல. தபாலில் கேசட் அனுப்பி இந்தக் குழுவை வளர்த்தவர்களின் வாரிசு அவர். அவருடைய பெயர் ஒரு பட்டியலில் ஏறி, பெட்டிக்குள் போய், வழக்கின் சான்றாக வந்து நிற்கிறது. நிறுவனத்தின்மேல் வழக்குப் போடுவது ஒன்று, ரசிகரைப் பெயர் சொல்லிச் சுட்டுவது வேறொன்று. குழு செய்த பிழை இரண்டாவதுதான்.

2003-இல் வந்த 'செயின்ட் ஆங்கர்' பற்றி எல்லோரும் சொல்லும் குறை ஸ்நேர் டிரம். இந்த டிரம்மின் அடித்தோலை ஒட்டி மெல்லிய கம்பிச் சுருள்கள் இருக்கும்; அவைதாம் அடியைச் சுருக்கி 'சடக்' என்று நிறுத்துகின்றன. பக்கத்திலுள்ள நெம்பியைத் தளர்த்தினால் கம்பிகள் விலகி, டிரம் மணிபோல நீளமாக முழங்கும். உல்ரிச் அப்படித் தளர்த்தி வைத்தே ஆல்பம் முழுக்க வாசித்தார். காலி எண்ணெய் டின்னைத் தட்டுவதுபோல இருக்கிறது என்றார்கள் ரசிகர்கள்; எழுபத்தைந்து நிமிடம் கேட்டால் தலை வலிக்கும் என்பது உண்மை. கித்தார் சோலோ ஒன்றுகூட இல்லை என்பது அடுத்த குறை. நியூஸ்டெட் விலகியதும், ஹெட்ஃபீல்ட் குடிநோய் சிகிச்சைக்குப் போனதும், மாதம் 40,000 டாலர் ஊதியத்தில் ஓர் ஆலோசகரை வைத்துக் குழு தன் சண்டைகளைப் பேசித் தீர்க்க முயன்றதும் 'சம் கைன்ட் ஆஃப் மான்ஸ்டர்' ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கின்றன. அதைப் பார்த்தபின் அந்த டிரம் சத்தம் எங்கிருந்து வந்தது என்று புரியும். புரிந்தாலும் தலைவலி குறையாது. ஆண்டுகள் பல கழித்து, இளம் இசைக்கலைஞர்கள் சிலர் அந்த ஆல்பம் முழுவதையும் புதிய டிரம் ஒலியோடு தாங்களே வாசித்துப் பதிவு செய்தார்கள். பிடிக்காத ஆல்பத்துக்கு யாரும் இவ்வளவு உழைக்கமாட்டார்கள்.

ரசிகரின் காது எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 2008 செப்டம்பரைவிட நல்ல சான்று கிடையாது. 'டெத் மேக்னடிக்' வெளியானது. பழைய வேகமும் நீண்ட சோலோக்களும் திரும்ப வந்திருந்தன. ரசிகர்கள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சில நாட்களுக்குள் புகார் எழுந்தது. பாடல் உரக்க வரும் இடங்களில் ஒலி கரகரக்கிறது, டிரம் அடி ஒவ்வொன்றும் கிழிகிறது என்றார்கள்.

காரணம் இதுதான். குறுந்தகட்டில் ஒலியின் உயரத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்குள் சில நொடிகள் தாழ்ந்தும் சில நொடிகள் உயர்ந்தும் போவதுதான் இசையின் மூச்சு. அடுத்த கடைக்காரரின் பாடலைவிட நம் பாடல் உரக்கக் கேட்கவேண்டும் என்ற ஆசையில், தாழ்ந்த பகுதிகளையெல்லாம் தூக்கி உச்சிக்கு அருகில் கொண்டுவருவது 1990-களிலிருந்து தொழிலின் பழக்கமாகிவிட்டது. தூக்கிய பிறகு, முன்னரே உயரமாக இருந்த டிரம் அடிகளுக்கு இடமில்லை. அவற்றின் முனை வரம்பில் மோதி மழுங்குகிறது. மழுங்கிய முனைதான் நம் காதில் கரகரப்பாக விழுகிறது. 'டெத் மேக்னடிக்' இந்தப் பழக்கத்தின் எல்லையையே தொட்டது.

மற்ற ஆல்பங்களில் கேட்பவர் இதைச் சந்தேகிக்க மட்டுமே முடியும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு வடிவம் இருக்காது. இங்கே இருந்தது. அதே வாரம் 'கித்தார் ஹீரோ' வீடியோ விளையாட்டுக்காகவும் இந்தப் பாடல்கள் விற்பனைக்கு வந்தன. விளையாட்டைத் தயாரித்தவர்களுக்குத் தனித்தனித் தடங்கள் தேவை என்பதால், இறுதி அமுக்கலுக்கு முந்தைய ஒலியே அவர்களுக்குப் போயிருந்தது. ரசிகர்கள் அதைப் பதிவு செய்து, குறுந்தகட்டு வடிவத்தோடு பக்கத்தில் பக்கமாக வைத்து அலைவரைபடம் எடுத்தார்கள். விளையாட்டின் வரைபடத்தில் மேடும் பள்ளமும் இருந்தன. குறுந்தகட்டின் வரைபடம் கறுத்து, மேற்புறம் வெட்டிவிட்டாற்போல ஒரே சமமாக இருந்தது. ஒரு ரசிகர் மாஸ்டரிங் பொறியாளர் டெட் ஜென்சனுக்கே எழுதிக் கேட்டார். தம்மிடம் வரும்போதே மிக்ஸிங் அந்த நிலையில்தான் இருந்தது என்று அவர் பதில் எழுதினார். அந்தப் பதில் வெளியே பரவியது. ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்து வெளியிடும்படி கோரிய மனுவில் 10,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். உரக்க இருக்கிறது என்று ஹெவி மெட்டல் ரசிகர்களே புகார் சொல்கிறார்கள் என்பது 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' இதழில் செய்தியானது.

ஒலிப் பொறியாளர்கள் பல ஆண்டுகளாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த ஒரு பிரச்சினையைச் சாதாரணக் கேட்பவரிடம் கொண்டுசேர்த்தது இந்தப் புகார்தான். குழு அசையவில்லை, தங்களுக்கு அந்த ஒலி பிடித்திருக்கிறது என்றார் உல்ரிச். ஆனால் ஒலி அமுக்கலைப் பற்றிப் பேசும் எவரும் இன்றும் முதலில் காட்டும் உதாரணம் 'டெத் மேக்னடிக்'. வெறுமனே பாராட்டியிருந்தால் யாருக்கும் பயன் இருந்திருக்காது.

ரசிகர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அதே பாடல்கள்தானா என்பது நெடுநாள் சலிப்பு. 2014-இல் தென் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த நிகழ்ச்சிகளில் பட்டியலை டிக்கெட் வாங்கியவர்களே வாக்களித்துத் தேர்வு செய்யலாம் என்றது குழு. வாக்குப்பெட்டியிலிருந்து பெரும்பாலும் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', 'ஒன்', 'என்டர் சாண்ட்மேன்' என்று அதே பட்டியல்தான் வந்தது. குரல் எழுப்புபவர் சிலர், வாக்களிப்பவர் பலர்; இரண்டும் ஒரே கூட்டம் அல்ல. இருந்தாலும் அந்தச் சிலரின் பிடிவாதம் மே 28 அன்று ஹெல்சிங்கியில் பலித்தது. 'ஜஸ்டிஸ்' ஆல்பத்தின் 'தி ஃப்ரேட் எண்ட்ஸ் ஆஃப் சானிட்டி' வெளியாகி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் மேடையில் முழுமையாக வாசிக்கப்படாமலே இருந்தது. வாக்கெடுப்பு அதை மேடையேற்றியது. 2023-இல் தொடங்கிய உலகச் சுற்றுப்பயணத்தில் குழு பல நகரங்களில் இரண்டு இரவுகள் வாசிக்கிறது, முதல் இரவின் எந்தப் பாடலும் இரண்டாம் இரவில் வராது. அறுபதை எட்டும் வயதில், அவ்வளவு வேகமான பாடல்களை இத்தனை எண்ணிக்கையில் ஒத்திகை பார்த்து வைத்திருப்பது லேசான காரியமில்லை. முறையீட்டுக்குக் கிடைத்த பதிலாகவே அதை எடுத்துக்கொள்கிறேன்.

இனி 'ஜஸ்டிஸ்'. பேஸ் ஏன் காணாமற்போனது என்பதற்கு இப்போது ஓரளவு விடை இருக்கிறது. மிக்ஸிங் செய்த ஸ்டீவ் தாம்ப்சன், உல்ரிச் சொல்லித்தான் பேஸைக் குறைத்ததாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். நியூஸ்டெட் ஹெட்ஃபீல்டின் கித்தார் வரியை ஒட்டியே வாசித்ததும், அந்தக் கித்தாரே தாழ்ந்த ஒலிகளை நிரப்பிக்கொண்டதும் இன்னொரு காரணம். பயணங்களில் செவி களைத்துப்போன நிலையில் மிக்ஸிங்கைக் கேட்டோம் என்று ஹெட்ஃபீல்டும் சொல்லியிருக்கிறார். இவற்றின் அடியில், 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் பேருந்து விபத்தில் இறந்த முந்தைய பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டனைப் பற்றிய துக்கமும், அவர் இடத்துக்கு வந்தவரைக் குழு நடத்திய கடுமையும் கிடக்கின்றன. பர்ட்டனோடு ஒப்பிட்டு நியூஸ்டெட்டை ஏற்க மறுத்த ரசிகர்களும் அன்று இருந்தார்கள். அவருக்காக இன்று வாதாடுபவர்கள் அந்தக் கணக்கையும் சேர்த்தே நேர்செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். வீடியோ விளையாட்டுகளிலிருந்து கிடைத்த தனித் தடங்களைக் கொண்டும், சில பாடல்களுக்குத் தாங்களே வாசித்தும், பேஸ் கேட்கும்படியான மாற்று வடிவங்களை அவர்கள் உருவாக்கியிருக்கிறார்கள்.

2018-இல் ஆல்பம் செப்பனிடப்பட்டு மறுவெளியீடு கண்டபோது குழு பேஸை உயர்த்தவில்லை. அந்தக் காலத்தின் பதிவு அது, அப்படியே இருக்கட்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. அதில் நியாயம் இருக்கிறது. 1988-இல் கடைக்கு வந்த ஒலி வரலாற்றுப் பொருள். துக்கமும் ஆணவமும் களைத்த செவியும் சேர்ந்துதான் அந்த வறட்டுத்தன்மையைக் கொடுத்தன, அதுவே பலருக்கு உயிர். மூல ஆல்பத்தைத் தொடவேண்டாம். ஆனால் ஒன்பது பாடல்களின் தனித்தனித் தடங்களையும், குறைந்தபட்சம் நியூஸ்டெட்டின் பேஸ் தடத்தை மட்டுமாவது, அதிகாரபூர்வமாக வெளியிடுவதற்கு எந்தத் தடையும் எனக்குத் தெரியவில்லை. விளையாட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க முடிந்ததை, தபாலில் கேசட் அனுப்பியவர்களின் வழிவந்தவர்களுக்கும் கொடுக்கலாம். மிக்ஸிங்கை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.